பத்து விரல் மை

குழந்தையில்லாத ஆண்களின் கைரேகையை ஆராய்கிறோம் என்று ஆய்வகப் பெண் மகனை அழைத்ததும் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எங்க பரம்பரையில குறையா? முதல்ல என் கையைப் பாரும்மா!"

மகனை ஒதுக்கிவிட்டுப் பத்து விரல்களையும் மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார்.

அவள் லென்ஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க ஐயா. நாங்க பார்த்தவரைக்கும் இந்த மாதிரி ரேகை உள்ள ஒருத்தருக்கும் குழந்தை பிறக்கல."

"அப்ப இவன் வானத்துல இருந்து குதிச்சானா? என்னை உரிச்சு வெச்ச மூக்கு! டேய், நீ வைடா."

மகன் வைத்தான். விரல்களில் மை அப்பியிருந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தானே அழுத்தினார். அப்போதும் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"மை சரியில்லைம்மா!" என்று கத்தினார்.

"எனக்கு எப்பவும் இப்படித்தாம்ப்பா," என்றான் மகன்.