எந்தப் பகுதி?

நகரின் நடுவே புதிதாகத் திறக்கப்பட்ட விலங்கு மருத்துவமனையில், ஆணி தைத்த காலைத் தூக்கியபடி தன் முறைக்காகக் காத்திருந்தது சாம்பல் என்னும் தெருநாய். பெயர் பதியும் கிளி, “எந்தப் பகுதி?” என்று கேட்டது.

“கால்வாய்க்கரை.”

பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்த டியூக் என்னும் பங்களா நாய் துள்ளி எழுந்தது. “கால்வாய்க்கரையா? உண்ணி இல்லாத நாயே அங்குக் கிடையாதே! டேய், தள்ளி உட்கார். ஒட்டிக்கொள்ளப் போகிறது!”

“என் உடம்பில் ஓர் உண்ணியைக் காட்டுங்கள், ஐயா, நானே போய்விடுகிறேன்” என்றது சாம்பல்.

ஒருவரும் பார்க்கவில்லை. “வாசலுக்குப் போ. எல்லாரும் போன பிறகு கூப்பிடுகிறேன்” என்றது கிளி.

சாம்பல் எரிச்சலோடு எழுந்தது. ஆணி தைத்திருப்பது காலில். இவர்கள் ஆராய்வதோ தெருவை! வெயில் கொளுத்தும் வாசற்படியில் நொண்டி நொண்டிப் போய் நின்றது.

சற்று நேரத்தில் டியூக்கின் காதிலிருந்து கொழுத்த உண்ணி ஒன்று பளிங்குத் தரையில் விழுந்து, வாசல்வரை ஊர்ந்து வந்தது. சாம்பலின் காலில் இடித்துக்கொண்டதும் நிமிர்ந்து பார்த்து, கூடமெங்கும் கேட்கும்படி அலறியது.

“சீச்சீ! கால்வாய்க்கரை நாயா? உன் இரத்தத்தை எவன் குடிப்பான்? பாட்டன் காலம் தொட்டு நாங்கள் டியூக் ஐயா காதில் குடியிருக்கும் பங்களா வீதிக்காரர்கள்!”

சாம்பல் நொண்டியபடியே உள்ளே வந்து, தன் பழைய இடத்தில் அமர்ந்தது.

“தள்ளி உட்காருங்கள், ஐயா,” என்றது டியூக்கிடம். “ஒட்டிக்கொள்ளப் போகிறது.”