ஆதாரத்துக்கு ஒரு போட்டோ

“பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தானே சார் கியரை இழுக்குறீங்க?”

“மிதிச்ச மிதியில கால் வீங்கிப்போச்சுண்ணே! கியர் பார்க்கிங் ‘பி’யை விட்டு நகர மாட்டேங்குது.”

காரை இழுத்துப்போக வந்த லாரி டிரைவர் தலையை உள்ளே நீட்டினார். “சாவி திரும்பலைன்னா ஆட்டோமேடிக் கியர் அசையாது சார். நியூட்ரலுக்கு வராம இழுத்தோம்னா கியர்பாக்ஸ் காலி.”

ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீஸில் அவனுக்குச் சாக்குமூட்டை என்று பெயர். இந்த வருஷம் மட்டும் அவன் கார் பதினோரு தடவை ரிப்பேர் ஆகியிருக்கிறது, எல்லாம் வாயாலேயே. போன வாரம் மேனேஜரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை லேட்டா வந்தா வேலை போயிடும். கார் ரிப்பேர்னா எனக்கு போட்டோ வேணும்!”

இன்றைக்கு மூன்று மணிக்கு வேறொரு கம்பெனியில் முக்கியமான மீட்டிங். சாக்குமூட்டை அதிசயமாக ஒரு மணிக்கே ஆபீஸ் பார்க்கிங்குக்கு இறங்கி வந்தான். புலி வருது புலி வருது என்றவனுக்கு நிஜப்புலியே வந்து நின்றது. ரிமோட் வேலை செய்யவில்லை. நல்லவேளை, கதவு பூட்டாமல் இருந்தது. சாவி உள்ளே நுழைந்தது, ஆனால் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“உங்க முழங்கால் ஸ்டீயரிங்ல இடிக்குதே, சீட்டை ஏன் சார் இவ்ளோ முன்னாடி தள்ளியிருக்கீங்க?”

“காலையில என் வீட்டுக்காரி கடைக்கு எடுத்துட்டுப் போய், திரும்ப இங்க விட்டுட்டுப் போனா. செண்டு வாசனையைப் பாருங்க, ஒரு பாட்டிலையே கவுத்திருப்பா போல.”

டிரைவர் சிரித்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். கியருக்குப் பக்கத்தில் நகம் அளவு இருந்த ஒரு மூடியை நெம்பி எடுத்து, அந்த ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு அழுத்தினார்.

“இப்ப பிரேக்கை மிதிச்சு இழுங்க.”

‘டக்’கென்று கியர் நியூட்ரல் ‘என்’னில் வந்து உட்கார்ந்தது.

“அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்! என் வேலையைக் காப்பாத்திட்டீங்க!”

ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டதும் லாரியின் கம்பி இழுக்க, கார் சாதுவாக உருண்டு லாரி மேல் ஏறியது. அவன் அதன் முன்னால் நின்று, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தான். ‘மேடம், இந்தத் தடவை சத்தியமா ரிப்பேர். ஆதாரம் இதோ. டாக்ஸியில வந்துடறேன்’ என்று எழுதி மேனேஜரம்மாவுக்கு அனுப்பினான். ஜென்மத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னதில் நெஞ்சு நிமிர்ந்தது.

லாரி தெருமுனை திரும்பி மறைந்தது. அவன் டாக்ஸிக்குக் கை காட்டும்போது போன் அடித்தது. மேனேஜரம்மா!

“போட்டோ பார்த்தீங்களா மேடம்? இப்பவாவது நம்புறீங்களா?”

“நம்புறேன், நூத்துக்கு நூறு நம்புறேன். நான் இப்ப பார்க்கிங்லதான் நிக்கிறேன். உங்க வெள்ளைக் கார் அடுத்த தூணுக்குப் பக்கத்துல பத்திரமா நிக்குது. என் வெள்ளைக் காரை எந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்கீங்க?”