மாவுக்கட்டு

அவர் கையைத்தான் தூக்கினார்.

டம்ளர் விழுந்து உருண்டது. காப்பி அவர் கால்வரை ஓடி வந்தது.

மருமகள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். இரண்டு முழங்கையும் முகத்துக்கு முன்னால். கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வலது கையில் மாவுக்கட்டு. இறங்கி முடிக்குமுன்னே டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். ஊன்றிய கையில் சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டுவிட்டது. தொங்கப் போடாமல் நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருந்தால் வீக்கம் வற்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தான். டாக்டர் பேச்சை அவர் எங்கே நம்பினார். இன்று குத்தல் தாங்கவில்லை. தூக்கினார். அவ்வளவுதான்.

"ஏ கோமு. என்னட்டி ஆச்சு?"

அவள் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. பழக்கத்துல..."

மீதியை விழுங்கிவிட்டு, துணி எடுக்கப் போனாள்.

பழக்கம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருக்கு வாய் மோசம். ஊருக்கே தெரியும். செத்துப்போன பெண்டாட்டியை வாயால் வறுத்தெடுத்திருக்கிறார். ஒரு நாளும் அவள்மேல் விரல் பட்டதில்லை. யார் மேலும் பட்டதில்லை.

இந்த வீட்டில் ஆம்பிளை இரண்டு பேர்.

ஒருவர் அவர்.

பால்காரனை நம்பமாட்டார். கண்டக்டரை நம்பமாட்டார். கோமுவையும் நம்பியதில்லை. சர்க்கரை டப்பா மூடியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தோம் என்று நினைவு வைத்திருப்பார். நம்பியது ஒரே ஒருத்தனை. தான் பெற்றதை, சங்கரனை.

பங்குனியில் அவள் கன்னம் வீங்கிக் கிடந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். "கண்ணு பிடரியிலயா இருக்கு" என்று ஏசினார். ஏசிவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு அவரே தரையைத் தேய்த்தார். சங்கரன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

அவரும் சேர்ந்து சிரித்தார்.

போன வாரம் அவள் அண்ணன் வந்தான். தங்கச்சியை நாலு நாள் கூட்டிப்போகிறேன் என்றான். கள்ளப்பயல், நகையைத் தூக்கிப்போக வந்திருக்கிறான் என்று நினைத்தார். "கை ஒடிஞ்சு கெடக்கேன். ஒங்க ஆத்தாளா வந்து பொங்கிப்போடுவா?" என்று விரட்டிவிட்டார்.

கோமு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

இப்போது அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கறை போன பிறகும் துடைத்தாள். ஈரம் தெரியக்கூடாது என்பதுபோல.

அவர் மடியிலிருந்து பட்டன் போனை எடுத்தார். இடது கையால் எவருக்கும் எதையும் கொடுத்தவரில்லை. நீட்டினார்.

"அண்ணனுக்கு அடி. இப்பவே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அவள் வாங்கவில்லை.

"அவங்க வார நேரம் மாமா."

சொல்லி வாய் மூடவில்லை. தெருவில் பைக் சத்தம்.

அவள் கையில் துணி நின்றது. மறு கை கலைந்த முடியை ஒதுக்கியது. முந்தானையைச் சரிசெய்தது. எல்லாம் தானாக நடந்தது. வருஷக்கணக்காக இதை அவர் பார்த்திருக்கிறார். புருஷன் வருகிறான், சந்தோஷத்தில் செய்கிறாள் என்று நினைத்திருந்தார்.

போனை அவள் மடியில் போட்டார். "அடுப்படிக்குப் போ."

அவள் போனாள்.

நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே போய் அடுப்படி வாசலில் போட்டார். குறுக்காக உட்கார்ந்தார்.

சங்கரன் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்தான். காப்பி வாசனை பிடித்து ஈரத்தரையைப் பார்த்தான்.

"எதக் கொட்டித் தொலைச்சா? தள்ளுங்கப்பா. வழியில வந்து உக்காந்துட்டிய."

அவர் தள்ளவில்லை.

கட்டுப் போட்ட கையை நெஞ்சுக்கு மேலே தூக்கினார்.

சங்கரன் சிரித்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அடுப்படிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது.

"அண்ணே."