தயவுசெய்து அமரவும்

“மோசடி கீசடின்னு பேசாதீங்க சார். மெஷினை நான் தொடவே இல்ல.”

ஆம்பூர் ஷூ கம்பெனி மேனேஜர் செல்வகுமார் எதிர்ல நின்னு மெர்சி பொரிஞ்சு தள்ளினா. வேலூர்ல பிசியோதெரபி கடைசி வருஷம். வயசானவங்க யார் துணையும் இல்லாம தாங்களே உடம்பைச் சோதிச்சுக்கற மெஷினை, காலேஜ் சார்பா கொண்டாந்து வெச்சிருந்தா.

சேர்ல உக்காரணும், கைய ஊனாம எழுந்திருக்கணும். மெஷினே பார்த்து மார்க் போடும். அதுல பாஸான கெழவிங்களுக்குத்தான் இனிமே கம்பெனில வேலைன்னு விதியைச் சொருகினது செல்வகுமார்.

“நீங்க இருந்தப்ப எல்லாரும் பெயில். நீங்க போனதும் எல்லாரும் பாஸ். அதான உங்க டவுட்டு? அறிவாளி சார் நீங்க. எனக்கும் அதே டவுட்டுதான் வந்துச்சு.”

காலைல முதல்ல வந்தது, ஷூ தைக்கற லைன்ல நின்னுட்டே வேலை பார்க்கற கெங்கம்மாள். “தயவுசெய்து அமரவும்”னு மெஷின் மேடைத்தமிழ்ல உத்தரவு போட்டுச்சு. கெங்கம்மாள் பாதி குனிஞ்சாங்க. சேர்ல பட்டும் படாம அந்தரத்துல நின்னாங்க.

“முழுமையாக அமரவும்.”

தொடை வெடவெடன்னு நடுங்குது. உக்காரல.

“தேர்ச்சி இல்லை.”

பக்கத்துலயே நின்ன செல்வகுமார், முட்டி போச்சுன்னு அவரே டாக்டர் மாதிரி தீர்ப்பு சொல்லிட்டார். பின்னால வந்தவங்களுக்கும் அதே கதி.

அவர் சாப்பிடப் போனதும் கெங்கம்மாள் தானா வந்து பட்டனை அழுத்தினாங்க. பொத்துனு உக்காந்து, விருட்டுனு எழுந்தாங்க. பாஸ். பின்னாலயே வந்த மத்தவங்களும் பாஸ்.

“காலைல இன்னாம்மா ஆச்சு?” மெர்சி கேட்டா.

“மேனேஜரு நின்னுகினு இருந்தாரே பாப்பா. கால் வலிக்குதுன்னு லைன்ல செத்த நேரம் உக்காந்ததுக்கு எங்கூட வேலை செஞ்ச முத்துமாரிய வேலைய விட்டே தூக்கிட்டாரு. அவரு கண்ணெதிர்ல எவ உக்காருவா?”

இதை கெங்கம்மாள் பேரைச் சொல்லாம மெர்சி இப்போ போட்டு உடைச்சதும், யார் சொன்னதுன்னு செல்வகுமார் பாய்ஞ்சார்.

“யார் சொன்னதுன்னு கேக்கறீங்களே தவிர, பொய்னு சொல்லல பாருங்க. அந்த நேர்மை பிடிச்சிருக்கு சார்.”

ரூமுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்னு அவர் கதவைத் திறந்தார். மெர்சி நகரல.

“ரூம் வேணாம். இப்போ ஷிப்ட் விட்டு எல்லாரும் கேட்டாண்ட வருவாங்க. அங்க வந்து சத்தமா சொல்லுங்க சார். இவங்களால எழுந்திருக்க முடியலையா, நீங்க உக்கார விடலையா?”