டீ ஏன் ஆறிப்போனது

டொகுஜிக்கு நாக்கு சுட்டுவிட்டது.

"என்னடி இது, இன்னைக்கு டீ இப்படிக் கொதிக்குது!"

அவன் மனைவி கயோ மற்ற நாட்களில் கோப்பையை வைத்ததும் போய்விடுவாள். இன்று கதவோரமாக மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ஷிசுவோகா நகரில் மழை பிடித்து ஒன்பது நாள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்துக் கிடந்தது. மேசைமேல் கணவன் எட்டு மாதம் உயிரைக் கொடுத்து ஒட்டிய மாதிரிப் போர்க்கப்பல், ஒரு கை நீளத்துக்கு. மேல்பூச்சு ஒன்றுதான் பாக்கி. நாளைக் காலையில் அது கண்காட்சியில் இருக்க வேண்டும்.

காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷை முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்தான். வழவழவென்று படிந்தது. தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டு கப்பல் பக்கம் திருப்பினான்.

பாதித் தளம் வரை ஒழுங்காகத்தான் போனது. பிறகு முனை துப்பியது. பீரங்கி மேடை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

காற்றழுத்தத்தைக் குறைத்தான். துப்பியது. கூட்டினான். இன்னும் வேகமாகத் துப்பியது. ஊசியை உருவித் துடைத்தான். தின்னரை மாற்றினான். தின்னர் விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினான். கோளாறு மட்டும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் கயோவுக்கு வயிறு குளிர்ந்தது.

போன வருஷப் பரிசளிப்பில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார், இந்த அடைமழையில் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல் எப்படி அடித்தீர்கள் என்று. எல்லாம் கைப்பழக்கம் என்றான். வீட்டம்மா உதவுவார்களா என்றதற்கு, "இவளா? டீ போடுவா. அதுவும் ஆறிப்போய்த்தான் வரும்" என்றான். அரங்கமே சிரித்தது. பக்கத்தில் நின்ற கயோவும் சிரித்து வைத்தாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை.

இப்போது டொகுஜி திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"போன வருஷமெல்லாம் இப்படி ஆகலையே கயோ. நீ எதாச்சும் மாத்தினியா?"

"நானாங்க? டீயைத்தான் ஆறாம கொண்டுவந்தேன்."

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

சத்தம் ஆகாது என்று, ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசரை அவன் நடையில்தான் வைத்திருந்தான். குழாய் மட்டும் உள்ளே போகும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி அதன் பக்கத்தில் தொங்கியது. இந்த மழைக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும்; கொட்டாவிட்டால் தண்ணீர் காற்றோடு குழாய்க்குள் ஏறிவிடும். நேற்றைய தண்ணீர் அதில் விளிம்பு வரை நின்றது. அப்படி ஒன்று இருப்பதே டொகுஜிக்கு மறந்து வெகுகாலம் ஆகிறது.

பதினொரு வருஷமாக, அவன் உள்ளே வண்ணம் கலக்கும்போது, டீத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு, குப்பியைக் கழற்றிக் கொட்டி, உலரத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுத்தான் அவள் கதவைத் திறப்பாள்.

அதற்குள் டீ ஆறிவிடும்.