பேத்தியின் கட்டைவிரல்

என் குடைக்கடை படுத்து மூன்று வருடம் ஆகியும் அதன் தொழில் பதிவு மட்டும் உயிரோடு இருந்தது. மாதாமாதம் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ரத்து செய்யுங்கள் என்றேன்.

“மூடுன கடைக் கணக்கு திறந்த கடைக் கணக்கைத் தாண்டப்பிடாது அண்ணாச்சி, மாவட்டத்துக்குக் கெட்ட பேரு. புதுசா ஒண்ணைப் பதிஞ்சிட்டு இதை மூடுங்க” என்றார் கிளார்க் இசக்கியப்பன்.

மனைவி பெயரில் ஒன்று பதிந்து என்னுடையதை மூடினேன். அவளுடையதை மூட மருமகன் பெயர், அவருடையதை மூட மகள் பெயர். புதுத் தொழில்களில் எங்கள் மாவட்டம் முதலிடம் என்று பேப்பரில் வந்தது.

நேற்று மகளுடையதை மூடப் போனோம். வீட்டில் பெயர் பதியாமல் மிச்சமிருந்தது, கையில் தூக்கிப்போன பதினோரு நாள் பேத்திதான்.

“கையெழுத்துப் போடத் தெரியாதே தம்பி?”

“ரேகை போதும் அண்ணாச்சி.”

குழந்தை விரல்களை இறுக்கிக்கொண்டது. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.