மைனஸ் ஒன்பதில் மதியச் சாப்பாடு

ஸ்டாமாடிஸ் பொய் சொல்லிவிட்டுத்தான் ரொட்டி தின்னப் போவான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு மாதமாக.

கிரீஸிலிருந்து நார்வேயின் ட்ரொண்ட்ஹைமுக்குப் பம்பு டிசைன் வரைய வந்தவன். முதல் நாளே அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் மீன் சூப்பின் விலையைப் பார்த்துவிட்டான். நூற்றெழுபது குரோனர். அவன் ஊர் வோலோஸில் அந்தக் காசுக்கு மீனோடு வலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

பதினொன்றரைக்கு எல்லோரும் சாப்பிட எழுந்திருப்பார்கள். அவனையும் கூப்பிடுவார்கள். ஆற்றங்கரை ஓட்டலில் தனக்குத் தினமும் ஒரு மேஜை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஆற்றங்கரை உண்மை. ஓட்டல்தான் பொய். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் விழுங்குவான். ஜனவரியில் அந்த முட்டையை உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது.

"வாடகையும் கரண்டும் போக மிச்சமில்லைன்னு சொல்லித் தொலையேன் மனுஷா. காது ரெண்டும் நீலமாயிடுச்சு," என்றாள் மனைவி ஃபொத்தினி.

"வேலை நிரந்தரமாகட்டும். பஞ்சப் பரதேசின்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?"

சோதனைக் காலம் முடிகிற நாளில், சரியாகப் பதினொன்றரைக்கு, மேலதிகாரி குட்ருன் அவனைச் சாப்பாட்டு அறைக்கே கூப்பிட்டாள். அந்த அறைக்குள் அவன் முதல்முறையாகக் கால் வைத்தது அன்றுதான்.

குட்ருனோடு சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேர் முன்னாலும் வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றி வந்த ரொட்டி, மேலே ஒரு துண்டு பழுப்புச் சீஸ். சூப்பைக் காணோம். எவனும் எதையும் வாங்கித் தின்னவில்லை.

ஸ்டாமாடிஸுக்கு வயிறு எரிந்தது. அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பினான். கீழே அவனுடைய பெஞ்சு பளிச்சென்று தெரிந்தது.

"உங்க ஓட்டலைத் தினமும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றாள் குட்ருன்.

வேலை போயிற்று என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

"முதல்ல, பாவம், கையில காசில்லை, வெக்கப்படறார்னு நினைச்சோம். ஆனா மைனஸ் ஒன்பதுலயும் போய் உக்காந்தீங்களே. இங்க ஹீட்டர் இருக்கு, எல்லாரும் ரொட்டிதான் திங்கறோம். வெட்டவெளி மேல உசுரே வெச்சிருக்கிறவர்தான் அப்படி உக்காருவார். அதைப் பீத்திக்கக் கூடாதுன்னுதானே ஓட்டல் கதை? கிரேக்கர் ஒருத்தர் பனியில உக்காரும்போது, இந்த மண்ணுல பொறந்த நாங்க உள்ள உக்காந்திருக்கோம். எங்களுக்கே கூச்சமாப் போச்சு."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான். நிரந்தர உத்தரவு மேஜைமேல் இருந்தது. குட்ருனின் பேனா இன்னும் அதைத் தொடவில்லை.

"அங்க காத்து நல்லா இருக்கும்," என்றான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். நாளை முதல் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு என்றாள்.

ஃபொத்தினி கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்துபோய் அவனுக்கு இன்னொரு கம்பளி உள்ளாடை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஒன்பது பேர் பெஞ்சிலும் பனியிலுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த ஐவின், உதடு வெளுத்துப் போய், அவன் காதருகே குனிந்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. எனக்குக் குளிர் ஆகவே ஆகாது. மத்தவங்க முன்னால எப்படிச் சொல்றது?"

அந்த வாரம் முடிவதற்குள் மற்ற ஏழு பேரும் தனித்தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, இதையேதான் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவள் குட்ருன். திங்கட்கிழமை பதினொன்றரைக்கு, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள்.